அத்தியாயம் 7: வைஃபை பெட்டி உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும்

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டு மாடிக் கடைவீட்டில் நடக்கும் உணவகம் அது. கீழே கல்லாவும் சமையலறையும். மேலே குடும்பத்தோடு வருபவர்கள் உட்காரும் கூடம். மேலே பரிமாறுபவர்கள் கைக்கணினியில் ஆர்டர் எடுப்பார்கள். அதற்காக மேல்மாடிச் சுவரில் ஓர் அக்சஸ் பாயிண்ட் மாட்டியிருந்தேன். மாட்டி மூன்று வாரம் ஆவதற்குள் உரிமையாளர் கூப்பிட்டார். “தம்பி, மேல வைஃபை காலையில ஒரு நாளும் வேலை செய்யிறதில்ல. பதினோரு மணிக்கு மேலதான் வருது. புதுசா ஒண்ணு மாத்திடுங்க, எத்தனை வெள்ளி ஆனாலும் பரவாயில்ல.”

பெட்டியை மாற்றவில்லை. மின்னஞ்சல் எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். வந்த மடல்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மேல்மாடி அக்சஸ் பாயிண்ட் தொடர்பு அறுந்தது: 4:32. மறுநாள் 4:35. அதற்கடுத்த நாள் 4:31. தொடர்பு திரும்பியது: 11:10, 11:25, 11:05. பழுதான கருவி இப்படி நேரம் பார்த்து அணையாது. மறுநாள் விடிகாலை நாலரைக்கு நானே போய் நின்றேன். மாவு ஆட்டும் அண்ணன் மேல்மாடிச் சாமான் அறைக்குள் வந்தார். அங்கிருந்த ஒரே மின்செருகியிலிருந்து ஒரு சின்ன அடாப்டரைப் பிடுங்கி வைத்தார், கிரைண்டரைச் செருகினார். மாவு ஆட்டி முடிந்ததும் கிரைண்டரைக் கழற்றினார். பதினோரு மணிவாக்கில் யாராவது மறுபடி செருகும்வரை அடாப்டர் அரிசி மூட்டைமேல் அப்படியே கிடக்கும். “அது வைஃபைக்குப் போறதுன்னு யாரும் எனக்குச் சொல்லலையே தம்பி” என்றார். அவர் சொன்னது நியாயம். இன்னொரு செருகி போட்டதோடு பிரச்சினை தீர்ந்தது.

இந்த அத்தியாயம் அந்த மடல்களைப் பற்றியது. உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ வீட்டிலோ இருக்கும் ரௌட்டர், தனக்கு என்ன நேர்ந்தது என்று ஒவ்வொரு நிமிடமும் எழுதி வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை யாரும் திறந்து படிப்பதில்லை. அதில் முக்கியமான நாலு வரியை மட்டும் பொறுக்கி உரிய ஆளின் கைக்கு அனுப்பச் செய்வதே நம் வேலை. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

தொடங்கும் முன்

முதலில் உங்கள் கருவிக்கு இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ரௌட்டரோடு இணைந்த கணினியில் பிரௌசரைத் திறந்து 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் நிர்வாகப் பக்கம் வரும். சரியான எண் கருவியின் அடிப்புறம் ஒட்டிய தாளில் இருக்கும். உள்ளே ‘அட்மினிஸ்ட்ரேஷன்’, ‘சிஸ்டம் லாக்’, ‘நோட்டிஃபிகேஷன்’, ‘இமெயில்’ ஆகிய பெயர்களில் ஒன்றின்கீழ் இந்த வசதி ஒளிந்திருக்கும். நெட்கியர், டிபி-லிங்க் ரௌட்டர்கள் பலவற்றில் இது உண்டு. யூனிஃபை வகையில் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருக்கும். மைக்ரோடிக்கில் ‘டூல்ஸ்’ பகுதியில் இருக்கும். இணைய நிறுவனம் ஒப்பந்தத்தோடு கொடுத்த பெட்டியில் இல்லாமலும் போகலாம்.

புதிதாக வாங்க சிம் லிம் சதுக்கத்துக்குப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் ஒரு முத்திரையைத் தேடுங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் கருவிகளுக்குப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. நான்கு நிலைகள் கொண்ட அந்தத் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட கருவிகளில் வைஃபை ரௌட்டரும் ஒன்று. 2021 ஏப்ரல் முதல் இங்கே விற்கப்படும் ரௌட்டர்கள் குறைந்தது முதல் நிலையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது விதி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு ஆலையிலிருந்து அனுப்பக் கூடாது என்பது அந்த முதல் நிலையின் அடிப்படைகளில் ஒன்று. இந்த விதிக்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. 2016-இல் உலகைக் கலக்கிய ‘மிராய்’ என்ற தீநிரல், ஆலையில் வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் வசப்படுத்தியது.

ஆகவே எச்சரிக்கை அமைக்க உள்ளே போகும் அதே மூச்சில் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பூட்டே இல்லாத கதவில் அழைப்பு மணி மாட்டிப் பயனில்லை.

படி 1: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

பலர் தாவிப் போகும் படி இது. மடலைப் படித்து நீங்கள் செய்யப்போகும் துப்பறிதல் முழுவதும் நேரத்தை நம்பித்தான் நடக்கும். 4:32 என்ற எண் தப்பாக இருந்திருந்தால் கிரைண்டரை நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

நேர மண்டலப் பட்டியலில் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால். (1982 புத்தாண்டில்தான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி இந்தக் கணக்குக்கு வந்தது.) கோடைகால நேரமாற்றம் என்ற பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், நமக்கு அது கிடையாது. இணையத்திலிருந்து தானாக நேரம் எடுக்கும் ‘என்டிபி’ வசதியை இயக்குங்கள்.

பெரும்பாலான ரௌட்டர்களுக்குள் கடிகார பேட்டரி இல்லை. மின்சாரம் போய்வந்தால் பலவற்றின் நினைவு 1970 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். இணையத்தில் நேரம் கேட்டு வாங்கும்வரை அந்தத் தேதிதான். மடலில் 1970 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கருவி இப்போதுதான் மறுபடி எழுந்தது என்று பொருள். ஆனால் அந்தத் தேதி நிலைத்து நின்றால் மின்னஞ்சலே போகாது. அஞ்சல் சேவையகம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 1970-இல் நிற்கும் கருவி அதை ‘இன்னும் தொடங்காத சான்றிதழ்’ என்று தள்ளிவிடக்கூடும்.

படி 2: அனுப்புவதற்கென்று ஒரு தனிக் கணக்கு

ரௌட்டர் தானே அஞ்சல் நிலையம் ஆகிவிடாது. உங்களைப் போலவே அதுவும் ஒரு மின்னஞ்சல் கணக்கில் நுழைந்துதான் மடலைப் போடும். அதற்கு உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுக்காதீர்கள். கொடுத்த பாஸ்வேர்டு ரௌட்டருக்குள் தங்கும். அமைப்புகளைக் காப்பு எடுத்தால் அந்தக் கோப்புக்குள்ளும் போகும். ரௌட்டரை நாளை யாருக்காவது விற்றாலோ, பழுதுபார்க்கக் கொடுத்தாலோ உங்கள் அஞ்சல்பெட்டிச் சாவியும் கூடவே போகும். கடைப் பெயரில் புதிதாக ஒரு கணக்கு தொடங்குங்கள். அதற்கு வேறு எந்த வேலையும் வேண்டாம்.

ஜிமெயில் என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து இப்படிப்பட்ட கருவிகள் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கணக்கில் முதலில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை உருவாக்குங்கள். நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்துகள் திரையில் வரும். இடைவெளி விடாமல் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சாளரத்தை மூடினால் மறுபடி காட்டாது. அந்தக் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை எப்போதாவது மாற்றினால் ஆப் பாஸ்வேர்டு செத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எச்சரிக்கைகள் ஒரு நாள் திடீரென்று நிற்பதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே அதிகம்.

அவுட்லுக், ஹாட்மெயில் தனிநபர் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் இந்த வழியும் அடைபட்டுவிட்டது. பழைய ரௌட்டரில் அந்த முகவரிகளைப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த முகவரிக்கு மடல் வந்து சேர்வதில் தடை ஏதுமில்லை; அதிலிருந்து அனுப்புவதில்தான் தடை.

இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து வெளியே வாருங்கள்.

படி 3: பெட்டிகளை நிரப்புதல்

இப்போது ரௌட்டரின் மின்னஞ்சல் பக்கம். சொற்கள் கருவிக்குக் கருவி மாறும், கேட்பது ஒன்றுதான்.

1. அனுப்பும் சேவையகம்: ஜிமெயிலுக்கு எஸ்எம்டிபி, புள்ளி, ஜிமெயில், புள்ளி, காம். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

2. போர்ட் எண்: ‘ஸ்டார்ட்-டிஎல்எஸ்’ அல்லது ‘டிஎல்எஸ்’ என்று தேர்ந்தால் 587. ‘எஸ்எஸ்எல்’ என்று தேர்ந்தால் 465. எண்ணும் பாதுகாப்பு முறையும் ஜோடி மாறினால் போகாது. பழைய 25-ஆம் எண்ணை விட்டுவிடுங்கள். குப்பை மடல்களைத் தடுக்கப் பல இணைய நிறுவனங்கள் அந்த வழியை மூடி வைத்திருக்கின்றன.

3. பயனர் பெயர்: புதிய கணக்கின் முழு முகவரி. பாதியோடு நிறுத்த வேண்டாம்.

4. பாஸ்வேர்டு: அந்த 16 எழுத்துகள்.

5. அனுப்புநர்: அதே முகவரி. வேறு முகவரியைப் போட்டால் சில சேவையகங்கள் மறுக்கும்.

6. பெறுநர்: இதைப் படி 5-இல் பேசுவோம். இப்போதைக்கு உங்கள் முகவரி.

‘டெஸ்ட்’ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மடல் வரவில்லையா? முதலில் குப்பை மடல் பெட்டியைப் பாருங்கள். அங்கே கிடந்தால் ‘குப்பை இல்லை’ என்று குறித்துவிடுங்கள்.

படி 4: எதற்கு மணி அடிக்க வேண்டும்?

இந்த அத்தியாயத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் குறி போட்டுவிட்டால் ஒரு நாளைக்கு நூறு மடல் வரும். மூன்றாம் நாள் நீங்கள் படிப்பதை நிறுத்துவீர்கள். பத்தாம் நாள் உண்மையான ஆபத்து அந்த நூறுக்குள் ஒன்றாக வந்து போகும்.

வலைக் கருவிகள் தங்கள் பதிவுகளை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கின்றன. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 0 என்றால் கருவியே பயன்படாத நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 பொறியாளர்களுக்கான நுணுக்கம். நிலை கேட்கும் கருவியில் 3 அல்லது 4-இல் நிறுத்துங்கள். நிகழ்ச்சிவாரியாகத் தேர்ந்தெடுக்க விடும் கருவியில் இந்த ஐந்தை மட்டும் இயக்குங்கள்:

1. அக்சஸ் பாயிண்ட் தொடர்பு அறுந்தது, திரும்பியது.
2. இணைய இணைப்பு அறுந்தது, திரும்பியது.
3. நிர்வாகப் பக்கத்தில் யாரோ தவறான பாஸ்வேர்டோடு பலமுறை முயன்றார்கள், அல்லது வெற்றிகரமாக நுழைந்தார்கள்.
4. அமைப்புகள் மாற்றப்பட்டன, அல்லது கருவி மறுதொடக்கம் ஆனது.
5. புதிய மென்பொருள் பதிப்பு வந்திருக்கிறது.

சேர்க்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது மூன்று.

‘புதிய கருவி இணைந்தது’ என்ற எச்சரிக்கையை வாடிக்கையாளர்களுக்கான வைஃபைக்குப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவைச் சுற்றி எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் அஞ்சல்பெட்டி நிரம்பி வழியும். தவிர, இன்றைய கைப்பேசிகள் தங்கள் வைஃபை அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகிய பதிப்புகளில் வந்த பழக்கம் அது. ஒரே கைப்பேசி மறுபடியும் புதுக் கருவியாகத் தெரியலாம். கல்லாவும் கேமராவும் இணையும் உள் வலைக்கு மட்டும் இதை வையுங்கள்.

‘பக்கத்தில் அந்நிய வைஃபை’ என்ற எச்சரிக்கையும் கடைவீடுகளுக்கு ஒத்துவராது. ஒட்டிய சுவர், எதிர்ப்புறக் கடை, மேல்மாடி விடுதி என்று கேம்பல் லேனிலோ டன்லப் ஸ்ட்ரீட்டிலோ நின்று தேடினால் பட்டியல் கீழே கீழே ஓடும். உங்கள் வைஃபையின் பெயரையே வேறொருவர் வைத்தால் மட்டும் எச்சரிக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். அப்படி வைப்பவருக்கு உங்கள் வாடிக்கையாளர்களை ஏமாற்றும் நோக்கம் இருக்கலாம்.

வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பட்டியலை மின்னஞ்சலில் வரவழைக்காதீர்கள். ஊரில் இருக்கும் குடும்பத்தோடு பேச உங்கள் வைஃபையை நம்பி இணைபவர்கள் அவர்கள். உங்கள் கடையின் இணைப்பு நன்றாக இருக்கிறதா என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல். அவர்கள் வாழ்க்கை அதில் சேராது.

படி 5: மடல் யார் கைக்குப் போக வேண்டும்?

2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. அதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. சந்தேகத்துக்குரிய அறிகுறிகள் தொழில்நுட்ப ஊழியர்களின் கண்ணில் பட்டிருந்தும், முக்கியப் பொறுப்பில் இருந்த சிலர் உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று அது சொன்னது. அவ்வளவு பெரிய அமைப்புக்குப் பொருந்திய பாடம் நம் மளிகைக் கடைக்கும் பொருந்தும். மணி அடிப்பது பாதி வேலை. மணிச் சத்தம் கேட்டு எழுந்து போக ஒருவர் இருக்க வேண்டும். போனவருக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெறுநர் இரண்டு பேர் போதும்: கடையில் அன்றாடம் இருக்கும் ஒருவர், வலை அமைத்துக்கொடுத்த ஒருவர். உரிமையாளர் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருப்பார் என்றால் அவர் முகவரியை மட்டும் நம்பாதீர்கள். கைப்பேசியில் அந்த அனுப்புநருக்குத் தனி ஒலி வையுங்கள். மடலில் வரும் கருவிப் பெயர் பார்த்ததும் புரிய வேண்டும். ‘ஏபி-02’ என்பதைவிட ‘மேல்மாடி’ என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால், கல்லாவில் நிற்கும் அக்காவுக்கும் எந்த அறைக்குப் போய்ப் பார்ப்பது என்று தெரியும்.

படி 6: பிடுங்கிப் பாருங்கள்

‘டெஸ்ட்’ மடல் வந்ததோடு திருப்தி அடையாதீர்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் அக்சஸ் பாயிண்டின் கேபிளைக் கழற்றுங்கள். கைக்கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடங்களுக்குள் மடல் வர வேண்டும். மறுபடி செருகுங்கள், ‘திரும்பியது’ என்ற மடலும் வர வேண்டும். அடுத்து, வேண்டுமென்றே தவறான நிர்வாகப் பாஸ்வேர்டை ஐந்து முறை போடுங்கள். அதற்கும் வர வேண்டும். வராத எச்சரிக்கையை ‘இருக்கிறது’ என்று கணக்கில் வைக்காதீர்கள்.

இணையமே போய்விட்டால்?

வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். ஃபைபர் அறுந்தால், ‘ஃபைபர் அறுந்தது’ என்ற மடலை ரௌட்டர் எந்த வழியாக அனுப்பும்? அனுப்ப முடியாது. சில கருவிகள் மடலைப் பிடித்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். சில அதை மறந்தே போகும். மின்சாரம் போன கருவியோ வாயே திறக்காது. உணவகத்து அக்சஸ் பாயிண்ட் தன் செருகி பிடுங்கப்பட்டதைத் தானாகச் சொல்லவில்லை. கீழே உயிரோடு இருந்த முதன்மை ரௌட்டர்தான் அதற்காகப் பேசியது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தினமும் காலை 7 மணிக்கு ஒரு பதிவு மடல் அனுப்பும்படி ரௌட்டரில் அட்டவணை போடுங்கள். ‘டெய்லி’ என்ற தெரிவு பல கருவிகளில் இருக்கும். அந்த மடலை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. வந்ததா என்று பார்த்தால் போதும். தினமும் அதே நேரத்துக்குக் கடை வாசலில் விழும் பால் பாக்கெட் ஒரு நாள் விழவில்லை என்றால் கேட்காமல் இருப்பீர்களா? அதுபோலத்தான். ஏழரை ஆகியும் மடல் வரவில்லை என்றால், ஐந்தடிப் பாதையில் முதல் வாடிக்கையாளர் வந்து நிற்கும் முன்னே உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

அப்போது முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எல்லா விளக்கும் அணைந்திருந்தால் செருகியைப் பாருங்கள். அட்டை தேய்க்கும் கருவி இணையத்தை நம்பி இருக்கும் கடைகள், ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு சிறு யுபிஎஸ் வாங்கி வைப்பது நல்லது.

மடல் நின்றுவிட்டால்: விரைவுப் பட்டியல்

- ‘நுழைவு மறுக்கப்பட்டது’ என்று பதிவில் இருந்தால்: ஆப் பாஸ்வேர்டு செத்திருக்கும். புதியது உருவாக்குங்கள்.
- ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்றால்: போர்ட் எண், பாதுகாப்பு முறை ஜோடியைச் சரிபாருங்கள்.
- ‘சான்றிதழ் பிழை’ என்றால்: கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால் மென்பொருளைப் புதுப்பியுங்கள். டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 பதிப்புகள் 2021-இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. அவை மட்டுமே தெரிந்த பழைய ரௌட்டரை மாற்றத்தான் வேண்டும்.
- எல்லாம் சரி, ஒரே மடல் ஐம்பது முறை வருகிறது என்றால்: அணைந்து அணைந்து எரியும் இணைப்பு. தளர்ந்த கேபிள் முனையையும் சூடேறிய அடாப்டரையும் தேடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள்

நம் கடைகளில் ஆயுத பூஜை அன்று தராசு, கல்லா, கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்றைக்கு ரௌட்டரையும் இறக்கித் தூசு தட்டுங்கள். பொட்டு வைக்கும் முன் ஒரு கேபிளைப் பிடுங்கி, மடல் வருகிறதா என்று பாருங்கள். பெறுநர் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர் பெயர் இருந்தால் எடுத்துவிட்டுப் புதியவரைச் சேருங்கள். புதிதாக வந்தவர்களிடம் எந்தச் செருகி எதற்கு என்று காட்டுங்கள். அடாப்டரில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி எழுதி வையுங்கள். தீபாவளிக்கு அப்போது ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். ஏதாவது பழுதிருந்தால், சிராங்கூன் சாலையில் கூட்டம் நெருக்கியடிக்கும் முன் சரிசெய்ய அந்த மூன்று வாரம் போதும்.